நாலு சொட்டில் தொடங்கியது: பால் பம்போடு பதினான்கு வாரம்

என் மகள் 31 வாரத்தில் பிறந்தாள். எடை 1,420 கிராம். எனக்கு இரத்த அழுத்தம் ஏறிப்போனதால் அவசரமாக அறுவை செய்து எடுத்தார்கள். முகத்தருகே ஒரு நொடி காட்டிவிட்டு, பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உறிஞ்சி, விழுங்கி, நடுவில் மூச்சும் விட்டுக்கொள்வது ஒரு குழந்தைக்குக் கூடிவரப் பொதுவாக 34 வாரமாவது ஆகும். ஆக அவள் என் மார்பில் வாய் வைக்கும் நாள் வெகு தூரத்தில் இருந்தது. அதுவரை அவள் வாய் செய்ய வேண்டிய வேலையை ஒரு பம்பை வைத்துச் செய்ய வேண்டும்.

பால் இருந்தால் எடுத்துத் தரும் கருவி என்றுதான் பம்பைப் பற்றி அதுவரை நினைத்திருந்தேன். இல்லாத பாலை வரவழைக்கவும் அதுதான் கருவி என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரமும் ஒரு காயமும் தேவைப்பட்டன. அந்த வாரத்தை இன்னொரு அம்மா வீணாக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு நேரத்தில் நடந்தது. குழந்தை பிறந்து ஏறக்குறைய இருபது மணி நேரம் யாரும் பாலைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மயக்கம், வலி, பயம். 'முதலில் நீ தேறு, பால் தானாக வரும்' என்றார்கள். குழந்தை பக்கத்தில் இருந்து சப்பினால் அது சரி. பக்கத்தில் இல்லாதபோது பிறந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே, முடியாவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள்ளாவது மார்பைத் தூண்டத் தொடங்கிவிட வேண்டும். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் கர்ப்ப கால ஹார்மோனான புரோஜெஸ்டிரான் இறங்குகிறது. பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினுக்கு இருந்த தடை நீங்குகிறது. அந்தச் சமயத்தில் காம்பு அடிக்கடி தூண்டப்பட்டால்தான் புரோலாக்டின் மறுபடி மறுபடி எழும்பி, சுரப்பு நன்றாக நிலைக்கும். உங்களுக்குக் குறைமாதப் பிரசவம் என்று முன்பே தெரிந்தால், வார்டுக்கு எப்போது பம்ப் வரும் என்று அறுவைக்குப் போகும் முன்னரே கேட்டு வையுங்கள். மயக்கத்தில் இருக்கும் நமக்குப் பதிலாகக் கேட்க ஒருவரை நியமித்துவிட்டால் இன்னும் நல்லது.

மறுநாள் வந்தது அண்ணி கொடுத்தனுப்பிய பம்ப். அவர் பிள்ளைக்கு வாங்கி, நான்கு வருடமாகப் பரணில் கிடந்தது. அன்பாகத்தான் கொடுத்தார். ஒரு பக்கம் மட்டும் எடுக்கும் சிறிய பம்ப், ஒன்றிலிருந்து ஒன்பது வரை இழுப்பு வைக்கலாம். இரண்டில் தொடங்கினேன். ஒன்றுமில்லை. நான்கு, ஆறு. ஒன்றுமில்லை. அன்று மாலைக்குள் ஒன்பதுக்குப் போய்விட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருபது நிமிடம். காம்பு, மார்பில் வைக்கும் புனலுக்குள் நீண்டு வெளுத்துப் போவதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. வலித்தால்தான் வேலை நடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் அப்படித்தான் நம்பினேன்.

மூன்றாம் நாள் இரவு என்.ஐ.சி.யு. சிஸ்டர் என் கட்டிலுக்கு வந்தார். வெறும் புட்டியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். புனலை வாங்கி விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார். "இங்க பாருங்கம்மா, உள்பக்கம் ஒட்டியிருக்கு. இதை விடலாமா?" என்றார். ஒரு மி.லி. சிரிஞ்சின் நுனியைச் சுவரில் வைத்து மெதுவாக இழுத்தார். மஞ்சளாக, பிசினைப் போல, நாலு சொட்டு. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பஞ்சில் தொட்டு அவள் கன்னத்தின் உள்பக்கம் தடவினார்கள். நாலு சொட்டுச் சீம்பாலும் வீண்போகவில்லை என்று அன்று புரிந்தது. அந்த நாட்களில் சீம்பால் கெட்டியாக இருக்கும், பம்பின் குழாய்களிலும் வால்வுகளிலுமே ஒட்டிப் போய்விடும். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் பம்ப் வைத்து முடித்ததும் கையால் பீய்ச்சி, நேராக ஒரு கரண்டியிலோ சிரிஞ்சிலோ பிடிப்பதுதான் சிறந்தது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னே கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் வைத்து, நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரு விரலையும் சேர்த்து விட வேண்டும். தோலை உரசக் கூடாது. கையும் பம்பும் சேர்ந்தால் பால் கூடுகிறது என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஜேன் மார்ட்டன் குறைமாதக் குழந்தைகளின் அம்மாக்களிடம் ஆராய்ந்து 2009-இல் எழுதினார். எனக்கு அது வெறும் படிப்பாக இல்லாமல் கண்ணெதிரே நடந்தது.

நாலாம் நாள் கொஞ்சம் பால் இறங்கியது. ஒரு தடவைக்கு ஆறு மி.லி. ஏழாம் நாள் முழுதும் சேர்த்து 210. எட்டாம் நாள் 160. ஏறிக்கொண்டிருந்தது ஏன் இறங்கியது என்று தெரியாமல் மேலும் அழுத்தினேன். அன்று மதியம் புட்டியில் விழுந்த பால் ரோஜா நிறத்தில் இருந்தது. இடது காம்பில் வெடிப்பு, அதிலிருந்து இரத்தம். ஒவ்வொரு முறை பம்பைக் கையில் எடுக்கும்போதும் தோள் தானாகவே காது வரை ஏறிக்கொள்ளும். என் அம்மா தாங்க மாட்டாமல், "ஏன்டி இப்படிப் போட்டு உடம்பை வதைக்கிற, மாவுப்பால் குடுத்தா என்ன" என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை, என் வலியைப் பார்த்துத்தான் சொன்னார். குறைமாதக் குழந்தைகளின் குடலைத் தாக்கும் நெக்ரோடைசிங் என்டெரோகோலைடிஸ் என்ற நோய் தாய்ப்பால் கிடைக்கும் குழந்தைகளுக்குக் குறைவாக வருகிறது. அந்த ஒரு செய்திதான் என்னை விடாமல் பிடித்து வைத்திருந்தது.

ஒன்பதாம் நாள் தாய்ப்பால் ஆலோசகர் ஒருவர் வந்தார். எதையும் சொல்லாமல், "நீங்க எப்பவும் போல வைங்க, நான் பார்க்கிறேன்" என்று எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மூன்று விஷயம் சொன்னார். மூன்றும் சேர்ந்து எல்லாவற்றையும் மாற்றின.

முதலாவது புனல். ஃபிளாஞ்ச் என்று பெட்டியில் போட்டிருக்கும். பம்ப் வாங்கும்போது நாம் மோட்டாரைப் பார்க்கிறோம், பேட்டரியைப் பார்க்கிறோம், மார்பைத் தொடும் ஒரே பாகமான இதைப் பார்ப்பதே இல்லை. அண்ணியுடையது 27 மி.மீ. அவர் ஒரு சிறிய அளவுகோலை வைத்து என் காம்பின் அடிப்பாகத்தை, கருவட்டத்தை விட்டுவிட்டு, குறுக்காக அளந்தார். 17 மி.மீ. அதற்கு 27 மி.மீ. குழாய் என்றால், காம்போடு சேர்ந்து கருவட்டமும் உள்ளே இழுபட்டு வீங்கும். வீங்கிய தோல் பால் வரும் பாதையையே நெருக்கும். வலியும் வரும், பாலும் நிற்கும். அளந்த அளவிலிருந்து சில மி.மீ.க்குள் ஒன்றிரண்டு அளவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, எது வலிக்காமல் அதிகம் தருகிறதோ அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு 19 பொருந்தியது. பல பெட்டிகளில் 24-ம் அதற்கு மேலும்தான் வருகின்றன, சிறிய அளவைத் தனியாகவோ, உள்ளே செருகும் சிலிக்கான் வளையமாகவோ வாங்க வேண்டியிருக்கும். மிகச் சிறியதாகவும் போய்விடக் கூடாது. காம்பு குழாயின் சுவரில் உரசிக்கொண்டு அசையாமல் நின்றால், முடித்ததும் காம்பைச் சுற்றி வெள்ளை வளையம் விழுந்தால், அது இறுக்கம். காம்பு நடுவில் தங்கு தடையில்லாமல் முன்னும் பின்னும் போய்வர வேண்டும், கருவட்டம் கொஞ்சம்தான் உள்ளே வர வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவாகத்தான் இருக்கும் என்றில்லை. நாள் போகப்போக அளவு மாறவும் செய்யும், ஆகவே சில வாரத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.

இரண்டாவது வால்வு. புனலுக்கு அடியில் வாத்து அலகு போல ஒரு ரப்பர்த் துண்டு இருக்கும். அதைக் கழற்றி, இரு பக்கமும் லேசாக அமுக்கி, ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். மூடியிருக்க வேண்டிய பிளவு வாய் திறந்தே நின்றது, ஓரத்தில் முடி கனத்தில் ஒரு கிழிசல். பயன்படுத்தப் பயன்படுத்த இது தளர்ந்துவிடுகிறது. அந்த இடுக்கு வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்ததால் ஒன்பது என்று எண் காட்டினாலும் இழுப்பு ஒழுங்காக வரவில்லை. வந்த இழுப்பும் திடீர் திடீரென்று வெட்டி வெட்டி வந்தது. ஒரு நாளைக்கு எட்டு முறை பம்ப் வைப்பவர்கள் இந்த வால்வை ஒன்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஒரு ஜோடி எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். பால் திடீரென்று குறைந்தால் உங்கள் உடம்பைச் சந்தேகப்படும் முன் வால்வைச் சந்தேகப்படுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் தேவையாக இருந்தது. "பம்போட நம்பரைக் கூட்டினா பால் கூடிடாது" என்றார். பால் மார்பில் தேங்கி நிற்கும் தண்ணீர் இல்லை, குழாய் போட்டு உறிஞ்சினால் வந்துவிட. காம்பின் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்ப, மூளை ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை விட, அது பால் பைகளைச் சுற்றியுள்ள தசைகளைச் சுருக்க, அப்போதுதான் பால் முன்னே தள்ளப்படுகிறது. பால் இறங்குவது என்கிறோமே, அது இதுதான். வலியும் பயமும் இருந்தால் ஆக்ஸிடோசின் அடங்கிப்போகும். நான் ஒன்பதில் வைத்தபோது என் உடம்பு கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது.

குழந்தை எப்படிச் சப்புகிறது என்று கவனித்தால் இது விளங்கும். முதலில் வேகவேகமாக, மேலோட்டமாகச் சப்பும். பால் இறங்கியதும் நிதானமாகி, ஆழமாக இழுத்து விழுங்கும். நல்ல மின் பம்புகளில் இதே போல இரண்டு கட்டம் இருக்கும். முதல் கட்டம் நிமிடத்துக்கு 120 தடவை வரை வேகமாக, மெலிதாக. அது தூண்டுவதற்கு மட்டும். பால் இறங்கியதும் பொத்தானை அழுத்தி, நிமிடத்துக்கு 60 தடவை அளவில் நிதானமான இழுப்புக்கு மாற்ற வேண்டும். நிறைமாதக் குழந்தைகள் சப்பும்போது அளந்து பார்த்ததில் உச்ச இழுப்பு ஏறக்குறைய 145 மி.மீ. பாதரச அளவுதான். பல பம்புகள் 250, அதற்கு மேலும் போகும். இருப்பதெல்லாம் வைத்தாக வேண்டும் என்ற அவசியமில்லை.

இழுப்பை எப்படி வைப்பது என்று அவர் சொன்ன வழியைத்தான் கடைசி வரை கடைப்பிடித்தேன். குறைந்த எண்ணில் தொடங்கு. ஒவ்வொன்றாகக் கூட்டு. 'இதற்கு மேல் கொஞ்சம் உறுத்தும்' என்று தோன்றும் இடம் வரும். அங்கிருந்து ஒரு எண் கீழே இறக்கு. அதுதான் உன் எண். எனக்கு அது நான்கு. சில நாள் காலையில் ஐந்து தாங்கும், சோர்ந்த இரவில் மூன்றே போதும். பால் இறங்கி ஓடுவது நின்றதும் பழையபடி வேகமான கட்டத்துக்குப் போனால் இரண்டாம் முறையும் இறங்கும். நான்கில் வைத்த முதல் நாளே இரண்டாம் தாரை வந்தது. ஒன்பதில் ஒருநாளும் வந்ததில்லை.

இரவு மூன்று மணிக்கு பம்போடு உட்கார்ந்திருக்கும்போது இதன் கதையைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஆர்வெல் நீடம் என்பவர் 1854-இலேயே பால் பம்புக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். 1920-களில் எட்வர்ட் லாஸ்கர் என்ற பொறியாளர், அவர் பெரிய சதுரங்க வீரரும்கூட, மின்சாரத்தில் ஓடும் பம்பைச் செய்தார். ஸ்வீடனில் ஐனார் எக்னெல் என்ற பொறியாளர், அம்மாக்களுக்கு வலிக்காமலும் காயம் படாமலும் எவ்வளவு இழுக்கலாம், எவ்வளவு நேரம் இழுத்து எப்போது விட வேண்டும் என்று வருடக்கணக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். 1956-இல் அவருடைய பம்ப் வந்தது. அதைப் பயன்படுத்திப் பார்க்க உதவிய செவிலியர் மாயா கிண்ட்பெர்க்கின் பெயரால் அது சிஸ்டர் மாயா பம்ப் என்றே அறியப்பட்டது. இழுப்பதைப் போலவே விடுவதும் முக்கியம் என்று எக்னெல் கண்டுபிடித்ததைப் படித்தபோது, என் பம்ப் இழுத்து விடும் சத்தம் வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது.

சரி, எந்தப் பம்ப்? உங்கள் குழந்தை உங்களிடம் சப்ப முடியாத நிலையில், சுரப்பையே பம்பால்தான் உருவாக்க வேண்டும் என்றால், மருத்துவமனைகளில் வைத்திருக்கும் பெரிய பம்பை முதல் சில வாரமாவது வாடகைக்கு எடுங்கள். மோட்டாருக்குள் பால் போக முடியாதபடி தடுப்பு இருப்பதால் அதைப் பலரும் பயன்படுத்தலாம், புனலும் குழாயும் மட்டும் அவரவருக்குத் தனி. சொந்த உபயோகத்துக்கான பம்புகளில் பல அப்படி அமைந்தவை இல்லை. உள்ளே போன பால் துளியையோ பூஞ்சையையோ கழுவ முடியாது. அண்ணியுடையதை நான் வாங்கியது இந்தக் கணக்கிலும் தவறுதான். இரு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் பம்பாக இருக்கட்டும். நேரம் பாதியாகும், பாலும் கூடும். மார்புக்கச்சைக்குள் ஒளித்து வைக்கும் கம்பியில்லா பம்புகள் சுரப்பு நிலைத்த பிறகு, வேலைக்குப் போகும்போது, மிகவும் வசதி. சுரப்பை உண்டாக்க அவற்றை நம்ப வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். கையால் அமுக்கும் கைப்பிடி பம்ப் ஒன்று மாற்றாக இருப்பது நல்லது, கரண்ட் போன இரவு என்னைக் காப்பாற்றியது அதுதான். ஹாரன் போல ரப்பர் உருண்டை வைத்த பம்ப் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த உருண்டைக்குள் பால் ஏறித் தங்கும், சுத்தம் செய்ய முடியாது, எவ்வளவு இழுக்கிறது என்பதும் நம் கையில் இல்லை.

எத்தனை முறை என்பதுதான் அடுத்த கேள்வி. 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வைத்துவிட்டு இரவில் ஒரு நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கலாம். மொத்த எண்ணிக்கை குறையாமல் இருந்தால் போதும். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் ஒரு தடவை கட்டாயம், அந்த நேரத்தில் புரோலாக்டின் அதிகம் இருக்கும். ஒரு தடவைக்கு 15–20 நிமிடம், அல்லது சொட்டுவது நின்று இரண்டு நிமிடம் வரை. பால் வெளியேறாமல் தேங்கினால் மார்பு 'இவ்வளவு போதும்' என்று புரிந்துகொண்டு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். முதல் பத்துப் பதினான்கு நாளில் ஒரு நாளைக்கு 500 மி.லி.க்கு மேல் எட்டிவிட்டால் பின்னால் கவலையில்லை என்பார்கள். நான் பதினான்காம் நாள் 430-இல் நின்றேன், பதினெட்டாம் நாள்தான் 560. அதாவது சற்றுப் பிந்தினாலும் பிடித்துவிடலாம்.

என் மகள் உண்மையில் எனக்கு எவ்வளவு உதவினாள் என்பதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் நாள் முதல் அவளை என் வெற்று நெஞ்சின் மேல் கிடத்தினார்கள், கங்காரு பராமரிப்பு என்பார்கள். 1978-இல் கொலம்பியாவின் போகோட்டாவில் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கிய முறை இது. ஒரு மணி நேரம் அவள் உச்சந்தலை என் மோவாய்க்குக் கீழே இருக்கும், அந்தச் சூடு. அதை முடித்த கையோடு பக்கத்து அறையில் பம்ப் வைத்தால் எப்போதையும் விட 20, 25 மி.லி. கூடுதலாக வரும். அவளைத் தொட முடியாத நேரத்தில் அவள் போர்த்தியிருந்த துணியை மடியில் வைத்துக்கொள்வேன். இதெல்லாம் மனசுக்கான ஆறுதல் என்று முன்பு நினைத்தேன், புட்டியில் கோடு ஏறியதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

என் கணவர் ஒரு கோடு போட்ட நோட்டில் நேரமும் அளவும் எழுதுவார். முதல் வாரம் அது எனக்குப் பரீட்சைத் தாள் போல இருந்தது. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு தடவையும் அளவை எனக்குச் சொல்ல மாட்டார், ராத்திரியில் நாள் மொத்தத்தை மட்டும் சொல்வார். புட்டிமேல் ஒரு காலுறையை மாட்டிவிட்டார், எவ்வளவு ஏறுகிறது என்று நான் பார்க்க முடியாதபடி. உற்றுப் பார்க்காதபோதுதான் பால் நன்றாக இறங்கியது.

சுத்தம் பற்றி நீளமாகத்தான் சொல்ல வேண்டும், ஆனால் விதிகள் எளிமையானவை. கை கழுவி ஆரம்பிக்க வேண்டும். பால் படும் பாகங்களை ஒவ்வொரு முறையும் பிரித்து, அதற்கென்றே வைத்த தனிப் பாத்திரத்தில் சோப்பும் சூடான தண்ணீரும் விட்டு, அதற்கென்றே வைத்த பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் நேராகப் போடக் கூடாது. துணியால் துடைக்காமல் காற்றில் உலர விட வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு என்றால் தினம் ஒருமுறை ஐந்து நிமிடமாவது கொதிக்கவும் வைக்க வேண்டும். 2016-இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்குக் குரோனோபேக்டர் என்ற கிருமியால் கடும் மூளைத்தொற்று வந்தது, கிருமி பம்பின் பாகங்களிலும் இருந்தது. பல மணி நேரம் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்க்காமல் அலசி எடுத்த பாகங்கள். அதற்குப் பிறகுதான் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் பம்ப் சுத்தத்துக்கென்றே விதிகளை வெளியிட்டது. தூக்கக் கலக்கத்தில் 'காலையில் கழுவலாம்' என்று ஊறப்போடும் ஆசை எனக்கும் வந்ததுண்டு. நாலு செட் பாகம் வாங்கி வைத்தேன், ஆசை போய்விட்டது. காற்றுக் குழாயைக் கழுவ வேண்டாம். உள்ளே ஈரம் கண்டால் புனலைக் கழற்றிவிட்டு பம்பைச் சில நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள், கறுப்புப் புள்ளி தெரிந்தால் குழாயைத் தூக்கி எறியுங்கள். பாலைச் சேமிக்கும் கணக்கை என்.ஐ.சி.யு.வில் சொல்வதுபடி செய்யுங்கள், வீட்டுக் குழந்தைக்குச் சொல்லும் கணக்கை விட அது கண்டிப்பாக இருக்கும்.

காம்பு வெடித்ததற்கு வருகிறேன். பாலில் கொஞ்சம் இரத்தம் கலந்தால் பெரும்பாலும் குழந்தைக்குக் கெடுதல் இல்லை, ஆனாலும் சிஸ்டரிடம் காட்டிவிட்டுத்தான் கொடுத்தோம். அந்தப் பக்கம் இரண்டு நாள் பம்பைத் தொடாமல் கையால் மட்டும் பீய்ச்சினேன். லானோலின் களிம்பு தடவினேன். புனல் மாறியதும் ஒரு வாரத்தில் ஆறியது. வெடிப்புக்குக் களிம்பு மருந்தாக முடியாது, புனலும் இழுப்பும் மாறாமல் களிம்பு பூசிக்கொண்டே இருந்தால் ஆறவே ஆறாது.

ஆறாவது வாரம் வேறொரு பாடம். அதற்குள் பால் அவள் குடிப்பதை விட அதிகமாகிவிட்டது, நானும் ஆசையாக ஃப்ரீசரை நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒரு காலை வலது மார்பில் கல் போலக் கட்டி, சிவப்பு, காய்ச்சல். பழைய வழக்கப்படி சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்து, கட்டியை விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்து, காலி ஆகும்வரை பம்ப் வைத்தேன். மாலையில் இரண்டு மடங்கு வீங்கியது. தாய்ப்பால் மருத்துவ அகாதமி 2022-இல் இந்த முறையையே மாற்றிவிட்டது என்று டாக்டர் விளக்கினார். அது உள்ளே ஏற்பட்ட வீக்கம், அடைப்பைப் பிதுக்கி எடுப்பது போல எடுக்க முடியாது. ஐஸ் ஒத்தடம், டாக்டர் சொன்ன வலி மாத்திரை, மிக மெல்லிய தடவல், பம்ப் வழக்கமான அளவுக்கு மட்டும். கூடுதலாக எடுத்தால் இன்னும் அதிகம் செய் என்றுதான் மார்புக்குச் செய்தி போகும். 24 மணி நேரத்தில் காய்ச்சல் குறையாவிட்டால், அல்லது கூடினால், உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இடையில் ஒன்று. கர்ப்பமாக இருப்பவர்கள் பிரசவத்துக்கு முன்பே பம்ப் வைத்துப் பழகிப் பார்க்கக் கூடாது, டாக்டர் சொன்னால் ஒழிய. பாலை இறக்கும் அதே ஆக்ஸிடோசின்தான் கர்ப்பப்பையையும் சுருக்குகிறது. பிரசவத்துக்குப் பின் பம்ப் வைக்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு பிடித்து இழுத்தது இதனால்தான். அப்போது அது நல்லது, முன்பு என்றால் ஆபத்து. தத்தெடுத்த பிள்ளைக்குப் பாலூட்ட விரும்பும் அம்மாக்களும் மாதக்கணக்கில் இதே பம்பால் மார்பைத் தூண்டி ஓரளவுக்குப் பால் வரவழைப்பதுண்டு. அந்த வழியில் மருந்துகளும் சேரும் என்பதால் ஆரம்பத்திலிருந்தே டாக்டர் கூடவே இருக்க வேண்டும். இழுப்பு, புனல், வலி பற்றி நான் சொன்னது அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

35 வாரத்தில் அவள் முதல்முறை காம்பை நக்கினாள். 36-இல் நாலைந்து தரம் சப்பிவிட்டுத் தூங்கிப்போனாள். வீட்டுக்கு வந்த பிறகும் ஒவ்வொரு முறையும் முதலில் நேரடியாக, பிறகு பம்ப் என்று மாறி மாறி ஓடியது. அவள் எடை நன்றாக ஏற ஏறத்தான் பம்பைக் குறைத்தேன். மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவையை மட்டும் கழற்றினேன், ஒரேயடியாக நிறுத்தவில்லை, அப்படி நிறுத்தினால் பால் கட்டிக்கொள்ளும். கடைசியாக விட்டது காலை ஆறு மணித் தடவை.

நோட்டு இன்னும் இருக்கிறது. பதினான்காவது வாரத்துப் பக்கத்தில் கணவர் எழுதிய கடைசி பம்ப் கணக்கு: காலை 6.10, 40 மி.லி. அதற்குக் கீழே ஒரு வரி விட்டு: 8.45, நேரடி, 12 நிமிடம், இரு பக்கமும்.